‘சோங் ஒப் சிலோன்’ படமும் சப்பிரகமுவத் தோட்ட மக்களும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச் சுவடியையும் நாடுவது மரபு. இருபதாம் நூற்றாண்டு இவற்றோடு வேறொரு சான்றையும் சேர்த்துத் தந்தது. அதுவே படச்சுருள். கல்வெட்டு அரசனது கொடையைக் கூறும். செப்பேடு நிலத்தின் எல்லையைக் கூறும். படச்சுருளோ பெயர் தெரியாத ஒருவன் நடந்த நடையையும், ஒருத்தி குனிந்து நிமிர்ந்த பாங்கையும் நம் கண்முன் நிறுத்தும். ஆயினும், கல்வெட்டை ஆராய்வது போலவே படச்சுருளையும் ஆராய்ந்த பின்னரே சான்றாகக் கொள்ளல் வேண்டும். அதனைச் செய்வித்தவர் யார், செய்தவர் யார், எதனைச் சொல்லிற்று, எதனைச் சொல்லாது விட்டது என்னும் வினாக்கள் அங்கும் எழுகின்றன.

இவ்வினாக்களை 1934ஆம் ஆண்டில் உருவான ‘சோங் ஒப் சிலோன்’ என்னும் விவரணப் படத்தின்மீது எழுப்பி, தோட்ட மக்களின் அன்றாட வாழ்வு அதில் எவ்வளவு இடம்பெற்றது, ஏன் அவ்வளவோடு நின்றது என்பவற்றைச் சப்பிரகமுவ மாகாணத்தை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. இலங்கையின் கீதம் எனப் பொருள்படும் பெயர் பூண்ட அப்படம், உலக விவரணப் படங்களுள் முதன்மை பெற்ற சிலவற்றுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகின்றது.

படம் பிறந்த வரலாறு

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் வாணிகம் நலிவுற்றது. தேயிலை விலையும் றப்பர் விலையும் வீழ்ந்தன. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை நிலைநிறுத்தும் நோக்கில் 1933இல் தேயிலைக்கும் 1934இல் றப்பருக்கும் நாடுகளிடை உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. விற்பனையைப் பெருக்குவதற்கென 1932இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை, தீவைப் பற்றிய படங்களை எடுப்பித்தற்கு முன்வந்தது. எனவே இப்படம் கலையார்வத்தில் மட்டும் பிறந்ததன்று. தேயிலை விற்க வேண்டும் என்ற தேவையில் முளைத்தது என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

செய்தவர்களோ இளைஞர்கள். நெறியாளர் பசில் ரைட் 1907இல் பிறந்தவர். 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கமராவுடன் இலங்கையில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 26. உதவியாளராக உடன் வந்த ஜோன் டெய்லருக்கு வயது 19. இவர்களை அனுப்பிய ஜோன் கிறியர்சன், ஆங்கிலத்தில் விவரணப் படத்துக்கு இன்று வழங்கும் பெயரை 1926இல் ஒரு திறனாய்வில் எடுத்தாண்டு நிலைபெறச் செய்தவர். வட கடல் மீனவரின் தொழிலைக் காட்டும் ‘டிறிப்டர்ஸ்’ என்ற படத்தை 1929இல் ஆக்கியவர். உழைப்பவர் வாழ்வே படத்துக்குரிய பொருள் என்பது அவர் கொள்கை. பேரரசு விற்பனை வாரியம் என்னும் பிரித்தானிய அரச நிறுவனத்தில் அவர் ஓர் இளைஞர் குழுவைத் திரட்டியிருந்தார். 1933இல் வாரியம் கலைக்கப்படவே, அக்குழு தபால் திணைக்களத்தின் படப்பிரிவுக்கு மாறிற்று. அங்கேதான் இலங்கைப் படம் முற்றுப்பெற்றது.

முதலில் கேட்கப்பட்டவை நான்கு சிறு பயணப் படங்களே. ரைட் அவற்றை நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாகத் தொகுத்தார். புத்தர், கன்னித் தீவு, வாணிகத்தின் குரல்கள், தெய்வத்தின் அணிகலன் என அப்பகுதிகளின் பெயர்களைத் தமிழிற் கூறலாம். வோல்ட்டர் லீ இசையமைத்தார். கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் வர்ணனைக் குரல் வழங்கினார். வழக்கறிஞர், பியானோக் கலைஞர், புகைப்படக் கலைஞர் எனப் பல துறை கண்ட வென்ட், பின்னர் 1943இல் தோன்றிய ஓவியர் குழுவுக்கும் உறுதுணையாய் நின்றவர். 1935இல் பிரசல்ஸ் நகரில் நடைபெற்ற படவிழாவில் இப்படம் முதற் பரிசு பெற்றது. தேயிலை விற்கப் புறப்பட்ட படம் ஒரு மக்களின் வாழ்வைக் காட்டும் கலைப்படைப்பாக மலர்ந்தமை அவ்விளைஞரின் பெருமை எனலாம்.

மலையும் வழியும்

படத்தின் முதற் பகுதியிலேயே சப்பிரகமுவத்தின் சிகரம் தோன்றுகின்றது. அடியார்கள் மலைப்படிகளில் ஏறுவதும், முதியோர் இளைப்பாறுவதும், உச்சியில் விடியலைக் காண்பதும் அங்கே காட்டப்பெறுகின்றன. சைவர் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாமின் மலை என்றும் போற்றும் அம்மலை 2,243 மீற்றர் உயரமுடையது. இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில் நிற்பது. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாகச் செல்லும் பாதை பழமையும் கடுமையும் உடையது. 1344இல் மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இம்மலைக்கு ஏறிய செய்தியை அவர் குறிப்புகள் கூறும். மார்கழி மாதத்துப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில், சுற்றுத் தோட்டங்களிலிருந்து தமிழ் மக்களும் குடும்பமாக மலையேறுவர்.

பல சமயத்தார் ஒரே அடிச்சுவட்டை வணங்கும் இம்மலையைப் படம் பௌத்தக் கண்கொண்டு மட்டும் பார்க்கின்றது. அது குறையெனினும், படத்தைச் செய்தவர் வேண்டுமென்று இழைத்த குறையன்று. இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின் படத்தின் வர்ணனையை நோக்க வேண்டும்.

1681ஆம் ஆண்டின் உரையும் 1934ஆம் ஆண்டின் காட்சியும்

வென்ட்டின் குரலில் ஒலிக்கும் வர்ணனை அக்காலத்தார் எவரும் எழுதியதன்று. அது றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் இலண்டனில் வெளிவந்த இலங்கை வரலாற்று நூலிலிருந்து எடுக்கப்பட்டது. 1660இல் கண்டி அரசனால் சிறைப்படுத்தப்பட்ட இந்த ஆங்கில மாலுமி 1679இல் தப்பிச் செல்லும் வரை கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் வாழ்ந்தார். அங்குக் கண்டவற்றை, அதாவது உழவையும் உணவையும் வழிபாட்டையும் வழக்காற்றையும், ஆரவாரமற்ற நடையில் எழுதினார். அன்றாட வாழ்வைப் படமாக்க வந்த இளைஞர், அன்றாட வாழ்வை எழுதிய அம்மனிதரின் சொற்களை எடுத்துக்கொண்டது பொருத்தமே. பழைய சொல்லும் புதிய காட்சியும் இணையும்போது, மாறாத மரபொன்று கண்முன் விரிவதாகப் பார்ப்போர் உணர்கின்றனர்.

ஆனால் அப்பொருத்தமே தோட்ட மக்களுக்கு இடமில்லாமற் செய்துவிட்டது. நொக்ஸ் வாழ்ந்த காலத்தில் இலங்கை மலைகளில் தோட்டம் என்ற அமைப்பே தோன்றவில்லை. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வரத் தொடங்கியது 1820களில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்டது 1867இல். தென்னமெரிக்காவிலிருந்து இலண்டன் வழியாக வந்த றப்பர்க் கன்றுகள் எனரத்கொடைத் தாவரப் பூங்காவில் நடப்பட்டது 1876இல். ஆகவே 1681ஆம் ஆண்டின் உரையைக்கொண்டு 1934ஆம் ஆண்டின் தீவை விளக்கப் புகுந்தபோது, இடைப்பட்ட காலத்தில் வந்து குடியேறிய ஒரு சமூகத்தைக் குறிப்பதற்கு அவ்வுரையில் ஒரு சொல்லும் இல்லாது போயிற்று. கிராமத்து உழவனுக்கு நொக்ஸின் சொல் துணையாயிற்று. கொழுந்து பறித்தவளுக்குத் துணையாக எவர் சொல்லும் இல்லை.

மூன்றாம் பகுதியில் அவள் தோன்றுகிறாள். வாணிகத்தின் குரல்கள் என்ற அப்பகுதியில் யானை மரத்தைச் சாய்க்கின்றது, தேங்காய் பறிக்கப்படுகின்றது, தேயிலைச் சரிவிற் பெண்கள் கொழுந்து கிள்ளுகின்றனர், துறைமுகத்திற் கப்பல்கள் நிற்கின்றன. இக்காட்சிகளின்மீது சந்தை விலைகளும், வணிகக் கடித வாசகங்களும், கப்பற் செய்திகளும் ஆங்கிலக் குரல்களில் ஒலிக்கின்றன. ஒருபுறம் உழைப்பு, மறுபுறம் விலை. இரண்டுக்கும் இடையே உறவு உண்டு, உரையாடல் இல்லை. இதனை ரைட் விளக்கவுரை எதுவுமின்றிக் காட்சியையும் ஒலியையும் மோதவிட்டே உணர்த்தினார். தேயிலைச் சபையின் பணத்தில் எடுத்த படத்தில் இவ்வளவு சொல்லியது துணிவே. எனினும், அப்பெண்கள் எந்தத் தோட்டத்தார், எம்மொழி பேசுவோர் என்பதைப் படம் கூறுவதில்லை. தோட்டத் தொழிலாளி எவரும் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைப்பதும் இல்லை.

இதற்குக் கருவி சார்ந்த காரணமும் உண்டு. ரைட்டும் டெய்லரும் கொண்டுவந்தது ஒலிபதியாத கமரா. படத்தின் ஒலி முழுவதும் பின்னர் இலண்டனில் அமைக்கப்பட்டது. தோட்டத்திற் பதியப்படாத குரலை இலண்டனில் உண்டாக்க இயலாது. வணிகரின் குரலையோ அங்கே எளிதில் உண்டாக்கலாம். விற்பனைச் சபையின் நோக்கம், பழைய நூலின் எல்லை, கருவியின் குறை ஆகிய மூன்றும் சேர்ந்தே தோட்ட மக்களை உருவமாக மட்டும் நிறுத்திவிட்டன.

கமராவுக்கு அப்பால் இருந்த வாழ்வு

அக்காலத்துச் சப்பிரகமுவத் தோட்ட வாழ்வு எத்தகையது என்பதை இனி நோக்குவோம். நுவரெலியாவைப் போல மலைகள்தோறும் தேயிலையே பரந்து கிடக்கும் நிலமன்று இது. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் பெல்மதுளை, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலும் றப்பரும் தாழ்நிலத் தேயிலையும் மாறிமாறி வரும். இடையிடையே சிங்களக் கிராமங்களும் வயல்களும் இரத்தினக்கல் அகழும் குழிகளும் உண்டு. நாற்புறமும் வேற்றுமொழி வழங்க, நடுவே ஒரு லயத்தில் தமிழ் வழங்கும். தீவுக்குள் தீவாக அமைந்த வாழ்வு அது.

றப்பர்த் தோட்டத்தில் நாள் இருளிலேயே தொடங்கும். வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியுமாதலால், பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தவர்கள் விடியற்காலையிலேயே வெட்டுக்கத்தியுடன் மரங்களுக்குச் செல்வர். பட்டையை மெல்லியதாகச் சீவிச் சாய்வாக வெட்டி, அடியிற் சிரட்டையை வைப்பர். வெட்டு ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோடினால் பால் குறையும். கையின் அளவறிந்த அந்நுட்பம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மக்களுக்கு வந்தது. பிற்பகலுக்குள் பால் வாளிகளிற் சேர்க்கப்பட்டு ஆலைக்குச் செல்லும். அங்கு அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் அழுத்தி, புகைவீட்டில் உலர்த்துவர். வெட்டுவாயிலும் சிரட்டையிலும் உறைந்து எஞ்சிய ஒட்டுப்பாலும் வீணாகாது. மழை பெய்தாற் பால் வெட்டு இல்லை. வெட்டில்லையேற் பெயரும் இல்லை. தென்மேற்குப் பருவமழை ஓயாது பொழியும் இரத்தினபுரியில் இதன் பொருள் அடுப்பங்கரையில் விளங்கும்.

தாய்மார் வேலைக்குச் செல்ல, குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் இருப்பர். மாலையில் லயத்து வாசலில் ரொட்டி சுடும் மணமும், மாரியம்மன் கோயிலில் தப்பொலியும் எழும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடைபெறும். ஆண்டுதோறும் நிகழும் இக்கூத்தில் முழுத் தோட்டமும் அரங்காகும். பார்ப்பவர் யார், ஆடுபவர் யார் என்று பிரித்தறிய இயலாது. கமரா ஒன்று நிற்பதற்கு இதனினும் சிறந்த இடம் வேறில்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த பேரழிவையும் இங்கே கூறல் தகும். படப்பிடிப்பு முடிந்து சில மாதங்களில், 1934ஆம் ஆண்டின் இறுதியில், மலேரியாக் கொள்ளைநோய் தீவின் தென்மேற்கிற் பரவிற்று. அதனால் மிகவும் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலை மாவட்டம் ஒன்று. 1935 வரை நீடித்த அந்நோய்க்கு இரையானோர் ஏறத்தாழ 80,000 பேர் எனக் கணிக்கப்பட்டது. பிரசல்ஸ் நகரில் இலங்கைப் படத்துக்குப் பரிசு கிடைத்த ஆண்டும் அதுவே. படம் காட்டிய அமைதியும் உண்மை. நாட்டில் நிகழ்ந்த அழிவும் உண்மை. ஒரு படம் எடுக்கப்பட்ட மாதங்களுக்கு மட்டுமே சான்று என்பதை இது நன்கு விளக்குகின்றது.

அரன் தீவு தரும் பாடம்

இதே 1934இல் அயர்லாந்தின் மேற்கே கிடக்கும் அரன் தீவுகளைப் பற்றி றொபேட் பிளகேட்டி எடுத்த ‘மான் ஒப் அரன்’ வெளிவந்தது. பாறை நிலத்திற் கடற்பாசியும் மண்ணும் கொட்டிக் கிழங்கு பயிரிடும் மக்களின் உழைப்பை அது வியக்கத்தக்கவாறு காட்டும். ஆனால் படத்தின் உச்சமாக வரும் சுறா வேட்டையை அத்தீவினர் பல்லாண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்தனர். படத்துக்காக அவர்களுக்கு அது மீண்டும் கற்பிக்கப்பட்டது. ஒரே குடும்பமாகத் தோன்றியோரும் ஒரு குடும்பத்தார் அல்லர். நிலவுடைமையாளருக்கும் தீவினருக்கும் இருந்த பிணக்கு படத்தில் இடம்பெறவில்லை.

இலங்கைப் படத்தின் பிழை குரல் கேளாமை. அரன் படத்தின் பிழை இல்லாததை இருப்பதாகக் காட்டியமை. இரண்டாவது பிழை தோட்டத்துக்கு அயலானதன்று. புதிய சேலையும் பூவும் அணிந்து, நிறையாத கூடையுடன் புன்னகைக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பொதிகளில் எத்தனையோ ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றது. அதனை வரலாற்றுச் சான்றெனக் கொள்வார் உளரேல் அவர் ஏமாறுவர்.

அரச படப்பிரிவும் அதற்குப் பின்னரும்

சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அரசாங்கப் படப்பிரிவு நிறுவப்பட்டது. இத்தாலியரான ஜூலியோ பெற்றோனியும், பின்னர் ஆங்கிலேயரான ரால்ப் கீனும் அதனை வழிநடத்தினர். கீனின் அழைப்பில் 1952இல் நாடு திரும்பிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், 1954இல் மலேரியா ஒழிப்பைப் பற்றி ‘உலர் வலயத்தை வெல்லல்’ எனப் பொருள்படும் விவரணப் படத்தை எடுத்தார். 1934இன் கமரா கண்டிராத நோய் இருபது ஆண்டுகளின் பின் உள்நாட்டு இளைஞர் ஒருவரின் கமராவுக்குப் பொருளாயிற்று. பின்னர் பீரிஸும், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், படத்தொகுப்பாளர் டைட்டஸ் த சில்வாவும் பிரிவை விட்டு விலகி, கிராமத்து வாழ்வை வெளிப்புறத்திலேயே படமாக்கி ‘ரேகாவ’ என்ற சிங்களப் படத்தை ஆக்கினர். 1957இல் அது கான் படவிழாவில் இடம்பெற்றது.

அதே காலத்தில் உலகப் பெருங் கமராவொன்று சப்பிரகமுவத்துக்கே வந்தது. டேவிட் லீன் நெறிப்படுத்திய ‘பிறிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காகக் கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலையில், களனி ஆற்றின்மீது மரப்பாலம் கட்டப்பட்டு, 1957இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் அப்படத்தில் அந்த ஆறும் காடும் சயாம் நாட்டுக் காடாகவே தோன்றின. நிலம் தன் முகத்தை இரவல் கொடுத்தது. அந்நிலத்து வாழ்வு படச்சுருளிற் பதியவில்லை.

தமிழர் இக்கலையை அறியாதவர் அல்லர். ஏ. கே. செட்டியார் 1937இல், தம் இருபதுகளிலேயே புறப்பட்டு, பல நாடுகளில் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய படத்துண்டுகளைத் திரட்டி, 1940இல் தமிழ் விவரணப் படமாக வெளியிட்டார். அது ஒரு பெரியாரின் வாழ்வு. இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் ‘தோட்டக்காரி’ என்ற தமிழ்ப் படமும், 1975இல் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ம் தோட்டத்தைக் களமாகக் கொண்டு வந்தன. அவை கதைப்படங்கள். எழுத்துலகில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் துயரையும் நாட்டுப்பாடலையும் ஏட்டில் ஏற்றினார். எழுத்து ஆற்றிய அப்பணியை விவரணப் படம் அதே அளவில் ஆற்றியது எனச் சொல்வதற்கில்லை.

சிதறிய வாழ்வும் செய்யத்தக்க பணியும்

படம் எடுக்கப்படாத ஆண்டுகளில் அவ்வாழ்வு சிதறிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. ஒரே லயத்து அயல்வீட்டார் தலைமன்னார்க் கப்பலின் இக்கரையிலும் அக்கரையிலுமாயினர். 1977இன் வன்செயலின்போதும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், குடும்பங்கள் பல வவுனியா முதலிய வடபகுதிகளை நாடிச் சென்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோரின் குடியுரிமைக் குறையைத் தீர்த்தது. ஆனால் சென்றவரோடு பாட்டும் கூத்தும் தொழில் நுட்பமும் சென்றுவிட்டன. தங்கியவர் பிள்ளைகளிலும் ஒரு சாரார் அயற் பாடசாலைகளிற் சிங்கள மொழியிற் பயில்கின்றனர். பாட்டி பாடும் தாலாட்டுக்குப் பொருள் கேட்கும் பேரப்பிள்ளைகள் அக்குடும்பங்களில் உளர்.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியைப் பின்னோர் நடந்து கண்டனர். அவ்வழியிற் கொண்டுசெல்லப்பட்ட கைப்பேசி ஒவ்வொன்றும், 1934இல் ரைட் கொண்டுவராத ஒலிபதியும் கமராவாகும். விற்பனைச் சபையின் பணமும் இன்று வேண்டப்படுவதில்லை. கருவியும் பணமும் தடையல்ல என்ற நிலையில், எஞ்சியிருப்பது முறையறிந்து செய்யும் முயற்சியே.

அம்முறைக்குத் தமிழ் மரபே வழிகாட்டும். ஒரு நிலத்தைப் பாடப் புகுந்த பண்டைப் புலவர்க்குத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அந்நிலத்துக் கருப்பொருள்களைத் தொல்காப்பியம் தொகுத்துக் கூறிற்று. சப்பிரகமுவத் தோட்டத்துக்கும் தெய்வம் உண்டு, உணவு உண்டு, மரம் உண்டு, பறை உண்டு, தொழில் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் படத்திற் பதிதல் வேண்டும். பால் வெட்டுபவர் வெட்டும்போதே தம் தொழிலை விளக்கும் சொல், தப்பு அடிப்பவர் ஒவ்வோர் அடிக்கும் வழங்கும் பெயர், முதியவள் நினைவில் நிற்கும் கப்பற் பயணம் ஆகியவை முதலில் பதியத்தக்கவை. பேசுவோர் விரும்பிய அளவே பதிதலும், இடத்தையும் நாளையும் குறித்தலும், இல்லாத வழக்கை ஆடிக்காட்டச் சொல்லாமையும் இப்பணியின் ஒழுக்கம். பதிந்தவற்றின் ஒரு படி அத்தோட்டத்தாரிடமும், ஒரு படி பாடசாலையிலும், ஒரு படி 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற பொது நிலையத்திலும் இருத்தல் நன்று.

பசில் ரைட்டுக்கு அந்நாளில் 26 வயது. அவருக்குத் தமிழ் தெரியாது. சில மாதங்களே இங்குத் தங்கினார். அத்தனை தடையையும் மீறிக் கொழுந்து கிள்ளும் கைகளை உலகுக்குக் காட்டினார். அக்கைகளுக்குரியோரின் பேர்த்தியரும் பேரரும் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு மொழி தெரியும், வழி தெரியும், பாட்டியின் பெயரும் தெரியும். வருகின்ற மாசியிற் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களுக்கு அவர்கள் செல்வார்களாயின், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேளாதிருந்த குரல் கேட்கத் தொடங்கும்.